8 ஜிபி விற்பனைக் கோப்பு, 8 ஜிபி லேப்டாப்: பவர் பிஐ தாங்குமா?

கேள்வி, 4 மார்ச் 2024

14 கிளை உள்ள மளிகைக் கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பில்லிங் மென்பொருளிலிருந்து மாதத்துக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு (வெறும் எழுத்தாக இருக்கும் அட்டவணை) எடுக்கிறோம், ஒவ்வொன்றும் 300 எம்பிக்கு மேல். இரண்டு வருடத்துக்கு 24 கோப்பு, மொத்தம் 8 ஜிபியை நெருங்குகிறது. பவர் பிஐயில் (மைக்ரோசாஃப்டின் அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்) கோப்புறையைக் காட்டி ஏற்றினால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடுகிறது. லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி. மார்ச் முடிவதற்குள் முதலாளிக்கு டேஷ்போர்டு, அதாவது விற்பனையைப் படங்களாகக் காட்டும் திரை, வேண்டுமாம். ரேமை 16 ஆக்கினால் சரியாகுமா? இல்லை, பவர் பிஐயே இந்த அளவுக்கு ஆகாதா?

பதில், 4 மார்ச், இரவு

ரேம் போடுங்கள். 8 ஜிபியில் விண்டோஸும் குரோமும் தின்றது போக மிச்சம் என்ன இருக்கும்?

5 மார்ச், காலை

நேற்று எழுதியதை அடித்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுதியது. அதைவிட மோசம், நானே செய்து ஏமாந்த வேலையை உங்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

நான் இருப்பது மருந்து மொத்த வியாபாரத்தில். மூன்று வருடத்துக்கு முன் இதே கதை: 1 கோடியே 10 லட்சம் வரிசை. லேப்டாப் திணறியது. அலுவலகத்தில் கெஞ்சி ரேமை 16 ஆக்கினேன். ஏறியது. சேமித்தால் கோப்பு 1.3 ஜிபி. அப்புறம் இணையத்தில் வெளியிடப் போனேன். பவர் பிஐயின் புரோ உரிமத்தில் ஒரு மாடல் (ஏற்றிய தரவுத் தொகுப்பு) 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. தள்ளிவிட்டது. ரேம் வாங்கிய பில் மேசையில், டேஷ்போர்டு என் லேப்டாப்பில், மேலாளர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒரு மாதம் அப்படியே ஓடியது.

பிறகுதான் டாக்ஸ் ஸ்டுடியோ என்ற இலவசக் கருவியைப் போட்டேன். எந்த நெடுவரிசை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அது ஒரு பட்டியல் காட்டும். பார்த்தால், மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒரே நெடுவரிசை. பில்லிங் மென்பொருள் ஒவ்வொரு வரிசைக்கும் தானாகப் போடும் 36 எழுத்து அடையாள எண். அதை அலுவலகத்தில் யாரும் ஒரு நாளும் பார்த்ததில்லை. எதற்கு இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது.

(நெடுவரிசை என்று நீட்டி முழக்குவதற்குக் காரணம் உண்டு. காலம் என்று எழுதினால் நேரம் என்று படிப்பீர்கள். வரிசையைச் சுருக்கி வரி என்றால் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஜிஎஸ்டி ஞாபகம் வரும்.)

5 மார்ச், மதியம்

அந்த ஒரு நெடுவரிசை மட்டும் ஏன் அவ்வளவு இடம் பிடித்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பழைய கணக்குப் புத்தகங்களில் ஒரே பெயர் அடுத்தடுத்து வந்தால் திரும்ப எழுத மாட்டார்கள். மேற்படி என்று ஒரு குறி: ௸. என் தாத்தாவின் நோட்டில் பக்கம் பக்கமாக அதுதான் இருக்கும். பவர் பிஐயின் உள்ளே இருக்கும் வெர்டிபாக் இயந்திரமும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. வரிசை வரிசையாக வைக்காமல் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனித்தனியாக வைக்கிறது. முதலில், அதில் வரும் வெவ்வேறு மதிப்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டு ஆளுக்கொரு எண் கொடுக்கிறது. பிறகு அடுத்தடுத்து ஒரே எண் வந்தால் "இங்கிருந்து 3 லட்சம் முறை மேற்படி" என்று ஒரே குறிப்பாகச் சுருக்கிவிடுகிறது. கிளைப் பெயர் 4 கோடி வரிசையில் இருந்தாலும் உங்களுக்கு 14 பெயர்தான், அதனால் இடமே பிடிக்காது. வரிசைக்கு வரிசை மாறும் அடையாள எண்ணில் ஒரு மேற்படிக்குக்கூட வழியில்லை. எல்லாவற்றையும் பட்டியலில் எழுதியே தீர வேண்டும், அதுவும் 36 எழுத்தாக.

எனவே 4 கோடி வரிசையா 40 லட்சமா என்பதை அப்புறம் பார்க்கலாம். ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை வெவ்வேறு மதிப்பு இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் கோப்பில் என்னென்ன நெடுவரிசை இருக்கின்றன?

கேட்டவர், 5 மார்ச், மாலை

38 இருக்கிறது. வரிசை அடையாள எண், பில் எண், பில்லுக்குள் வரிசை எண் (1, 2, 3 என்று), நொடி வரைக்கும் நேரம், கிளை, காசாளர், வாடிக்கையாளர் பெயர், செல்பேசி, பொருள் குறியீடு, பொருள் பெயர், பார்கோடு, எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான பொருள் வகைக் குறியீடு), எம்ஆர்பி, அளவு, தள்ளுபடி, வரி விவரம், மீதி எல்லாம் எப்போதும் காலியாகவே இருக்கும்.

6 மார்ச்

அடையாள எண்ணைத் தூக்குங்கள். காலியானவற்றைத் தூக்குங்கள். வாடிக்கையாளர் பெயரும் செல்பேசி எண்ணும் கண்டிப்பாகப் போக வேண்டும். அது இடத்துக்காக மட்டும் இல்லை: அத்தனை குடும்பங்களின் செல்பேசி எண்ணை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் டவுன் பஸ்ஸில் போய்வருகிறீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது.

பொருள் பெயர், பார்கோடு, எச்எஸ்என் மூன்றும் பொருள் குறியீட்டைப் பிடித்துக்கொண்டு தனி அட்டவணைக்குப் போகட்டும். விற்பனை அட்டவணையில் குறியீடு மட்டும் போதும்.

நேரத்தைப் பிரியுங்கள். தேதியும் நொடியும் ஒட்டியிருந்தால் பல லட்சம் வெவ்வேறு மதிப்பு வரும். தேதியைத் தனியாக எடுத்தால் இரண்டு வருடத்துக்கு 731. நேரத்தைத் தனியாக எடுத்தால், நொடி வரை வைத்தாலும் 86,400ஐத் தாண்டாது. நிமிடம் என்றால் 1,440. மணி என்றால் 24. மாலை 6 மணிக்கு எந்தக் கிளையில் கூட்டம் என்று முதலாளி கேட்பார். 6 மணி 12 நிமிடம் 43ஆவது நொடியில் என்ன நடந்தது என்று கேட்கப் போவதில்லை.

பில் எண்ணையும் தூக்குங்கள். 60 லட்சம் வெவ்வேறு எழுத்துக் கோவை அது.

இதெல்லாம் பவர் கொரியில், அதாவது பவர் பிஐக்குள் தரவை ஏற்றும் முன் செப்பனிடும் பகுதியில், முதல் படியிலேயே நடக்க வேண்டும். ஏற்றிவிட்டு அறிக்கைப் பக்கத்தில் மறைத்தால் கண்ணுக்குத்தான் மறையும், நினைவகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

8 மார்ச்

இன்று சிவராத்திரி. ரெஃப்ரெஷ் (தரவை மறுபடி ஏற்றிப் புதுப்பிப்பது) ஓடி முடிகிறதா என்று விடிய விடிய கண்விழித்துப் பழகியவனுக்கு இதெல்லாம் புதிதல்ல.

ஒன்று விட்டுப்போயிற்று. பவர் பிஐ அமைப்புகளில் தேதி நேரத்தைத் தானாகக் கையாளும் ஒரு விருப்பம் இருக்கிறது. அதை அணையுங்கள். அது இயங்கினால் ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நாட்காட்டி அட்டவணை முளைக்கும். அதிலிருக்கும் மிகப் பழைய வருடத்தின் ஜனவரி 1 முதல் மிகக் கடைசி வருடத்தின் டிசம்பர் 31 வரை, நாளுக்கு ஒரு வரிசை. சாதாரணமாக இதனால் பெரிய கேடு இல்லை. எங்களிடம் காலாவதி தேதி என்று ஒன்று இருந்தது. மருந்துக்குக் காலாவதி உண்டு, நடக்க உதவும் கைத்தடிக்கு என்ன காலாவதி? பில்லிங் மென்பொருள் அதற்கு 31-12-9999 என்று போட்டுவைத்திருந்தது. விளைவு, என் மாடலுக்குள் யாருக்கும் தெரியாமல் 29 லட்சம் நாள் கொண்ட நாட்காட்டி. கிட்டத்தட்ட எட்டாயிரம் வருடம். அத்தனைக்கும் மாதம், காலாண்டு வேறு கணக்குப் போட்டுவைத்திருந்தது.

கேட்டவர், 11 மார்ச்

ஏறிவிட்டது! 40 நிமிடம் ஆனது, கோப்பு 380 எம்பி. புது ரேம் எதுவும் போடவில்லை. ஆனால் அண்ணா, ஒரு பில்லுக்குச் சராசரி எவ்வளவு என்று முதலாளி கேட்கிறார். பில் எண்ணை நீங்கள் தூக்கச் சொன்னீர்கள். இப்போது மொத்தம் எத்தனை பில் என்று எப்படி எண்ணுவது?

11 மார்ச், இரவு

என் தப்புதான். மொத்த வியாபாரத்தில் சராசரி பில் என்று யாரும் கேட்பதில்லை, ஒரு மருந்துக்கடைக்கு மாதம் நாலு பில். சில்லறையில் அதுதான் உயிர் என்பது தோன்றாமல் போயிற்று.

பில் எண்ணைத் திரும்பக் கொண்டுவர அவசரப்படாதீர்கள். பில்லுக்குள் வரிசை எண் என்று ஒன்று சொன்னீர்களே, அதைப் பிடியுங்கள். அது 1 ஆக இருந்தால் 1, மற்றதெல்லாம் 0 என்று புதிதாக ஒரு நெடுவரிசை. பழையதைத் தூக்கிவிடுங்கள். புதியதைக் கூட்டினால் பில் எண்ணிக்கை. அறுபது லட்சம் வெவ்வேறு மதிப்பு செய்யும் வேலையை இரண்டே மதிப்பு செய்துவிடுகிறது. நாள், கிளை, மணி, காசாளர் எதை வைத்துப் பிரித்தாலும் கணக்கு நிற்கும்.

12 மார்ச்

நேற்றுச் சொன்னதற்கு ஒரு எல்லை. பொருளை வைத்துப் பிரித்தால் கணக்கு உடையும். ஒரு பில்லில் முதல் வரிசை அரிசியாக இருந்தால் அந்த 1 அரிசிக்குப் போய்விடும், அதே பில்லில் இருக்கும் எண்ணெய்க்கு 0. "எண்ணெய் வாங்கியவர்கள் எத்தனை பேர்" என்று கேட்டால் இது பொய் சொல்லும், அதுவும் நம்பும்படியாகச் சொல்லும். அந்தக் கேள்வி வந்தால் பில் எண் வேண்டும். அப்போதும் கிளைக் குறியீடு, நிதியாண்டு எல்லாம் ஒட்டிய எழுத்தாக வேண்டாம், ஒரு முழு எண்ணாக மாற்றி வையுங்கள். முதலாளி இன்னும் அதைக் கேட்கவில்லை என்றால் நீங்களாக நினைவூட்ட வேண்டாம்.

13 மார்ச்

கோப்பே வேண்டாம், பில்லிங் சர்வரை டைரக்ட் கொரியில் இணைத்தால் ரேம் தொல்லையே இல்லையே என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். ரேம் தொல்லை இல்லைதான்.

இந்த வழியை ஒரு வாரம் முயன்றேன். டைரக்ட் கொரியில் தரவு சர்வரிலேயே இருக்கும், டேஷ்போர்டில் ஒவ்வொரு சொடுக்குக்கும் கேள்வி சர்வருக்குப் போகும். ஒரு பக்கத்தில் எட்டுப் படம் இருந்தால் ஒரு வடிகட்டியைத் தொட்டாலே குறைந்தது எட்டுக் கேள்வி. மேலாளர் மாலை 5 மணிக்கு உட்கார்ந்து அப்படியும் இப்படியும் தட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில்தான் கீழே பில் போடும் ஆட்கள் சரக்கு அனுப்பும் அவசரத்தில் இருப்பார்கள். நாலாவது நாள் கிடங்குப் பொறுப்பாளர் மாடி ஏறி வந்தார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. கல்லாவில் ஆள் நிற்கும் கடைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். சர்வரின் நகல் ஒன்று தனியாக ஓடுகிறது என்றால் வேறு பேச்சு.

18 மார்ச்

முதலாளிக்கு "லைவ்" வேண்டுமாம். புரோவில் ஒரு நாளைக்கு 8 முறைக்கு மேல் ரெஃப்ரெஷ் அட்டவணை போட முடியாது, அதுவே அவருக்கு லைவ் என்று சொல்லிவையுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் 8 ஜிபியை முதலிலிருந்து படிப்பது கொடுமை. புதிய நாட்களை மட்டும் சேர்க்கும் படிப்படியான ரெஃப்ரெஷ் ஒன்று இருக்கிறது. வடிகட்டும் வேலையை, தரவு வரும் மூலத்திடமே தள்ளிவிட முடிந்தால்தான் அதற்கு அர்த்தம், எஸ்க்யூஎல் தரவுத்தளம் என்றால் தள்ளலாம். சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு, அதனிடம் கேள்வி கேட்க முடியாது. எனவே உங்களுக்கு ஆகாது.

19 மார்ச்

ஆகும். நேற்றுச் சொன்னது பாதி உண்மை.

ஒரே பெரிய சிஎஸ்வி என்றால்தான் ஆகாது. உங்களிடம் மாதத்துக்கு ஒன்றாக 24 இருக்கின்றன. கோப்புறையை இணைத்தவுடன் முதலில் வருவது கோப்புகளின் பட்டியல்தான், உள்ளடக்கம் இன்னும் திறக்கப்படவில்லை. கோப்புப் பெயரிலிருந்து மாதத்தை எடுத்துத் தேதியாக்கி, ரேஞ்ச்ஸ்டார்ட், ரேஞ்ச்எண்ட் என்ற இரண்டு அளவுருவால் அந்தப் பட்டியலை வடிகட்டுங்கள். அதன்பிறகு ஒன்றிணையுங்கள். பவர் கொரி சோம்பேறி, தேவைப்படாத கோப்பைத் திறக்கவே திறக்காது. இங்கே அந்தச் சோம்பேறித்தனம் நமக்கு லாபம்.

கேட்டவர், 20 மார்ச்

ஒரு பிரச்சினை. ஜனவரி விற்பனை டிசம்பரைவிட 40 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. பொங்கல் மாதத்தில் எப்படிக் குறையும் என்று எனக்குச் சந்தேகம். முதலாளி மாதப் பட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் புதுக் கடை வந்ததுதான் காரணம் என்று மேலாளர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டுவிட்டார்.

20 மார்ச், அரை மணி கழித்து

ஜனவரியை நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மாதத்தின் நடுவில் எங்கோ விற்பனை ஒரேயடியாக நின்றுபோகிறதா? ஜனவரி கோப்பை யாராவது எக்செலில் திறந்து சேமித்தார்களா?

கேட்டவர், 20 மார்ச்

17ஆம் தேதி மதியத்தோடு நிற்கிறது. ஒரு கிளைப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது, நான்தான் எக்செலில் திறந்து திருத்தினேன்.

20 மார்ச், இரவு

எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைக்கு மேல் வைக்காது. 2007இலிருந்து அதுதான் எல்லை. உங்கள் ஒரு மாதக் கோப்பு பதினேழு, பதினெட்டு லட்சம். திறக்கும்போது முழுதாக ஏறவில்லை என்று ஓர் எச்சரிக்கை வந்திருக்கும், எல்லோரையும் போல நீங்களும் சரி என்று அழுத்தியிருப்பீர்கள். சேமித்தவுடன் மீதி ஏழு லட்சம் வரிசை போய்விட்டது. காணும் பொங்கல் மதியத்துக்கு மேல் உங்கள் 14 கடைகளும் மூடிக் கிடந்தன என்று கோப்பு சொல்கிறது. பில்லிங் மென்பொருளிலிருந்து ஜனவரியை மறுபடி எடுங்கள். கிளைப் பெயரைப் பவர் கொரியில் ஒரு படியாக மாற்றுங்கள், கோப்பைத் தொடாதீர்கள்.

வெட்கப்பட வேண்டாம். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்புக்கே இது நடந்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் எல்லை வெறும் 65,536 வரிசை. அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன, 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போயிற்று. உங்களுக்குப் போனது ஒரு கூட்டமும் நாலு மேலாளர்களின் மதியமும்தான்.

21 மார்ச்

அந்தத் திருத்திய கோப்பில் இன்னும் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 0402 போன்ற எச்எஸ்என் குறியீட்டை எக்செல் எண் என்று நினைத்து 402 ஆக்கிவிடும், பால் பவுடர் எதுவும் தன் எச்எஸ்என் வகையோடு பொருந்தாது. 890இல் தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு 8.90, பத்தின் மடங்கு 12 என்கிற மாதிரி சுருங்கி நிற்கும். அந்தக் கோலத்தில் சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான்.

தமிழில் எழுதிய பொருள் பெயர்கள் பிசாசு எழுத்தாகத் தெரிந்தால் அது வேறு நோய். கோப்பின் குறியாக்கத்தை 65001, அதாவது யூடிஎஃப்-8, என்று கொடுங்கள்.

2 ஏப்ரல்

ஆண்டுக் கணக்கு முடிந்தது. இரண்டு நாள் தூங்கினேன்.

40 நிமிடத்தைக் குறைக்க முடியுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பயன்படும், இங்கேயே எழுதுகிறேன். டக்டிபி என்று ஒரு சின்னத் தரவுத்தளக் கருவி. ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ என்ற ஆய்வு நிலையத்தில் பிறந்தது, பைதான் நிரல்மொழியும் அதே இடத்தில்தான் பிறந்தது. சர்வர் எதுவும் நிறுவ வேண்டாம். சிஎஸ்வியைக் காட்டி பார்கே வடிவத்தில் எழுது என்று ஒரே கட்டளை கொடுத்தால் போதும். பார்கேயும் நெடுவரிசை நெடுவரிசையாக வைக்கும் வடிவம்தான், அதனால் மேற்படி வித்தை அங்கேயும் செல்லும். பவர் கொரி அதை நேரடியாகப் படிக்கும், வேண்டிய நெடுவரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளும். என் 2.1 ஜிபி சிஎஸ்வி 240 எம்பி ஆனது. ரெஃப்ரெஷ் 25 நிமிடத்திலிருந்து 6 நிமிடம்.

கருவி இன்னும் பதிப்பு 1.0 கூட ஆகவில்லை, அதனால் மூலச் சிஎஸ்வியை அழித்துவிடாதீர்கள்.

18 ஏப்ரல்

நாளை தேர்தல், விடுமுறை. ரெஃப்ரெஷ் அட்டவணைக்கு அது தெரியாது, ஓடிக்கொண்டிருக்கும்.

பார்கே எல்லாம் வேண்டாம், எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் போதும் என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி வரை இலவசம், வடிகட்டும் வேலையையும் அதனிடமே தள்ளலாம். நான் அதைச் சொல்லாததற்குக் காரணம், அதை நிறுவி, காப்பு எடுத்து, கடவுச்சொல் மறந்துபோனால் மீட்க ஓர் ஆள் வேண்டும். கணக்குப் பிரிவில் அந்த ஆள் யார் என்று பார்த்தால் கேள்வி கேட்ட இவர்தான்.

7 ஜூன்

டக்டிபி 1.0 வந்துவிட்டது, ஏப்ரலில் முனகியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் சிஎஸ்வியை அழிக்காதீர்கள்.

கேட்டவர், 10 ஜூன்

கடைசி நிலவரம். கோப்பு 290 எம்பி, ரெஃப்ரெஷ் 9 நிமிடம், லேப்டாப் அதே 8 ஜிபி. ஜனவரி சரியாகிவிட்டது, பொங்கலுக்கு நல்ல வியாபாரம்தான் நடந்திருக்கிறது. முதலாளிக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எல்லாப் பில்லையும் வரிசை விடாமல் எக்செலில் எடுத்து அனுப்பச் சொல்கிறார்.

10 ஜூன், இரவு

டேஷ்போர்டுப் படத்திலிருந்து எக்செலுக்கு 1,50,000 வரிசைதான் வெளியே வரும், சிஎஸ்வி என்றால் 30,000. நீங்கள் மறுக்க வேண்டியதில்லை. மென்பொருள் விடவில்லை என்று சொல்லுங்கள்.